தொட விடாத பூனைகளுக்கு உதவ வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மனிதரை நெருங்க விடாத தெருப்பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பவற்றையும், கேட்கத் தயங்கிப் பிறகு தனியாக வந்து கேட்பவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பூனை மேல் பாசம் இருப்பதால்தான் எல்லோரும் வருகிறார்கள். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி நிற்பதற்குத்தான் நாளாகிறது. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

தெருவில் திரியும் பூனை எல்லாம் ஒன்றுதானே? எதற்குப் பிரித்துப் பேசுகிறீர்கள்?

ஒன்றில்லை. வீட்டில் இருந்து வழி தவறியது, யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது, இவை ஒரு வகை. இரண்டு நாள் ஒளிந்திருக்கும். அப்புறம் வாலை நிமிர்த்திக்கொண்டு நம் முகத்தைப் பார்த்துக் கத்தும். இன்னொரு வகை, பிறந்ததில் இருந்து மனிதக் கை படாமல் வளர்ந்தது. அது நம்மிடம் கத்தாது. வயிறு தரையில் உரசுகிற மாதிரி சுவரோரமாக நகரும். நாம் பத்தடி போன பிறகுதான் தட்டுக்கு வரும். முகத்தைப் பார்த்தால் உடனே மறைந்துவிடும்.

சிலர் இவற்றைக் காட்டுப்பூனை என்கிறார்கள். காட்டுப்பூனை என்பது நீண்ட கால்களும் குட்டை வாலும் கொண்ட வேறு இனம். நாம் பேசுவது வீட்டுப்பூனை இனத்தைத்தான். பழகும் வயதில் மனிதரோடு பழகாமல் போனது, அவ்வளவுதான். அந்த வயது மிகவும் குறுகியது. பிறந்து 2 வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 7 வாரம் வரை. அதற்குள் மனிதக் கையும் குரலும் பழகிவிட்டால் வீட்டுப்பூனை ஆகிவிடும். 4 மாதம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முடியாது. வளர்ந்த பூனையை வீட்டுக்குள் அடைத்து அன்பால் மாற்றிவிடலாம் என்று முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பூனை மாதக்கணக்கில் அலமாரிக்கு அடியிலேயே வாழ்ந்தது. அதற்கு அது சிறைதான்.

ஒரு எச்சரிக்கை: கூண்டில் சிக்கிய நேரத்தில் இரண்டு வகையும் ஒரே மாதிரி சீறும். பயந்துபோன வீட்டுப்பூனை, பழகாத பூனையைவிட மோசமாகவே நடந்துகொள்ளும். இரண்டு மூன்று நாள் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

தினமும் சாப்பாடு வைக்கிறேன். அது போதாதா?

வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் கருத்தடை இல்லாமல் சாப்பாடு மட்டும் வைத்துக்கொண்டே போனால், அடுத்த வருடம் நீங்கள் வைக்கும் தட்டுகளின் எண்ணிக்கை உங்கள் கையில் இருக்காது. பெட்டைப் பூனை 4, 5 மாத வயதிலேயே சினைப்படலாம். சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஒரு ஈற்றில் சராசரியாக நான்கு குட்டி. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் அடுத்த முறை சினையாகிவிடும்.

இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் மேரியன் என்றொரு தீவு இருக்கிறது. அங்கிருந்த வானிலை நிலையத்தில் எலித்தொல்லைக்காக 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1970களின் நடுவில் அவை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. இத்தனைக்கும் அங்கே யாரும் தட்டு வைக்கவில்லை.

குட்டிகள் நிறையப் பிறக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை சில மாதங்களுக்குள் செத்துப்போகின்றன. சாப்பாடு வைக்கும் நாம்தான் அதை அருகில் இருந்து பார்க்க வேண்டியிருக்கும். என்னைக் கருத்தடை வேலைக்குள் தள்ளியது புள்ளிவிவரம் கிடையாது. ஒரே பெட்டை, ஒரே வருடத்தில், மூன்று ஈற்றில் போட்ட குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சாததைப் பார்த்ததுதான்.

டி.என்.ஆர். என்கிறார்களே, அது என்ன?

கூண்டு வைத்துப் பிடிப்பது, கருத்தடை அறுவை செய்து தடுப்பூசி போடுவது, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. மயக்கத்தில் இருக்கும்போதே காதின் நுனியை, பெரும்பாலும் இடது காதில், சுமார் 1 செ.மீ. நேராக வெட்டிவிடுவார்கள். பார்க்கக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் இருட்டில், தூரத்தில் இருந்து, 'இதற்கு ஏற்கெனவே அறுவை ஆகிவிட்டது' என்று சொல்ல வேறு நல்ல வழி இல்லை. கழுத்துப் பட்டை எதிலாவது மாட்டிக்கொள்ளும். பச்சை குத்தினால் அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும். காது வெட்டாத ஒரே காரணத்தால் இரண்டாவது முறை மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்து பார்க்கப்பட்ட பூனைகள் உண்டு.

பிடிப்பதில் அப்படி என்ன கஷ்டம்? கூண்டில் மீனை வைத்தால் வந்துவிடாதா?

சில பூனை வந்துவிடும். முதல் நாளே மூன்று நான்கு கிடைக்கும். அந்த உற்சாகத்தில் இது எளிதான வேலை என்று தோன்றும். கூட்டத்தில் கடைசி இரண்டு பூனைகள்தான் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். அந்த இரண்டில் ஒன்றாவது பெட்டையாக இருக்கும்.

முதலில் பசி வேண்டும். பிடிப்பதற்கு முன் ஏறக்குறைய ஒரு நாள் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், தண்ணீரை நிறுத்தக் கூடாது. இங்கேதான் பாதிப் பேர் உடைந்துபோகிறார்கள். வழக்கமான நேரத்தில் எட்டு ஜோடிக் கண்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வெறுங்கையோடு நிற்பது எளிதில்லை. நீங்கள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாலும், உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் அதே பூனைகளுக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் ஒரு இடத்தில் நான்கு இரவு வீணாக உட்கார்ந்தோம். ஐந்தாவது நாள்தான் தெரிந்தது, இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு பாட்டி பின்பக்க வழியாக வந்து, 'பாவம், இன்றைக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை' என்று வயிறு நிறையப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதனால் கூண்டைத் தூக்குவதற்கு முன், வேறு யார் யார் சாப்பாடு வைக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்துப் பேசிவிடுங்கள்.

அப்புறம் கூண்டு. கம்பிவலைப் பெட்டி. உள்ளே போய் ஒரு தகட்டை மிதித்தால் பின்னால் கதவு விழும். தரையில் செய்தித்தாள் விரித்தால் கம்பி பாதத்தில் குத்தாது, ஆனால் காற்றில் படபடக்காமல் ஒட்டிவிட வேண்டும். வாசம் தூக்கலான மீன், மத்தி அல்லது சூரை, தகட்டுக்கு அப்பால் கடைசி மூலையில் இருக்க வேண்டும். வாசலில் இருந்து அங்கே வரை மீன் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு போனால் மூக்கைத் தரையில் வைத்தபடி நடந்து வரும்.

கதவு விழும் சத்தத்துக்குப் பிறகு வரும் அரை நிமிடத்தைப் பற்றி முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. பூனை நான்கு பக்கமும் பாய்ந்து மோதும். கூண்டே நகரும். மூக்கின் மேல்தோல் உரிந்து ரத்தம் வரலாம். ஓடிப்போய் ஒரு கெட்டித் துணியால் கூண்டை முழுக்க மூடுங்கள். உள்ளே இருட்டானதும் சத்தம் நின்றுவிடும். அந்தத் திடீர் அமைதிதான் எனக்கு முதல் முறை பயமாக இருந்தது. செத்துப்போய்விட்டதோ என்று துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மூலையில் சுருண்டு, கருவிழி முழுக்க விரிந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் துணியைத் தூக்கியிருக்கக் கூடாது. மூடிவிட்டால் மூடியதுதான்.

எந்தக் காரணத்துக்காகவும் கதவு திறந்த கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். வெயில், மழை, எறும்பு, நாய், குறும்பு செய்கிற ஆட்கள், எது வேண்டுமானாலும் வரலாம். உள்ளே இருப்பதால் அதற்கு ஓட வழி இல்லை.

எத்தனை நாள் ஆனாலும் கூண்டுக்குள் வராத பூனையை என்ன செய்வது?

அவசரத்தில் கை விட்டால் அண்டாவிலும் கை நுழையாது. கூண்டின் கதவை விழாதபடி கட்டிவைத்து, ஒரு வாரம் அதற்குள்ளேயே தினசரிச் சாப்பாட்டை வையுங்கள். முதலில் வாசலில், பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உள்ளே. அதுவும் உங்கள் வழக்கத்தில் ஒன்று என்று பூனை எடுத்துக்கொள்ளும்.

சில பூனைகள் தகட்டைத் தாண்டிக் காலை வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பின்னோக்கி நடந்து வெளியே வந்துவிடும். ஏற்கெனவே ஒரு முறை சிக்கியவை இதில் தேர்ந்தவை. அவற்றுக்கு விழுகூண்டு இருக்கிறது. பெரிய வலைப் பெட்டியைக் குச்சியால் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து நிறுத்தி, குச்சியில் கயிறு கட்டி, தூரத்தில் இருந்து இழுப்பது. எது உள்ளே இருக்கும்போது இழுப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம் என்பது இதன் பெரிய வசதி.

ஒரு சாம்பல் பெட்டைக்காக ஆறு இரவு உட்கார்ந்திருக்கிறேன். ஏழாவது இரவு, நாங்கள் கிளம்புவதற்காகக் கூண்டுகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, மடக்காத ஒன்றுக்குள் தானாக நடந்து போனது. காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது.

பால் கொடுக்கும் தாய்ப்பூனை சிக்கிவிட்டால்?

இது நிறைய நடக்கும். கூண்டைக் கொஞ்சம் சாய்த்தோ, கீழிருந்தோ வயிற்றைப் பாருங்கள். காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து, காம்பு பெரிதாகத் தெரிந்தால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. அறுவை செய்தாலும் பால் நிற்காது. மருத்துவரிடம் முதல் ஆளாகச் செய்யச் சொல்லி, மயக்கம் முழுக்கத் தெளிந்ததும் மற்றப் பூனைகளைவிடச் சீக்கிரம், ஒரு நாளுக்குள், திரும்ப விட்டுவிட வேண்டும். அதற்கு முன் குட்டிகளைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் தாயோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

தொடக்க காலத்தில் நான் இதைப் பார்க்கத் தவறினேன். மற்றவற்றோடு சேர்த்து இரண்டு இரவு வைத்திருந்து மூன்றாம் நாள் காலையில் விட்டேன். கதவைத் திறந்ததும் அது வழக்கம்போல் மறைவுக்குள் ஓடவில்லை. நேராக ஒரு பழைய பலகைக் குவியலுக்குப் போனது. குட்டிகள் மிகச் சிறியவை. இரண்டு மட்டும் உயிரோடு இருந்தன. அன்றைக்குப் பிறகு எந்தக் கூண்டையும் வயிற்றைப் பார்க்காமல் நான் வண்டியில் ஏற்றியதில்லை.

சினையாக இருக்கும் பூனைக்கு அறுவை செய்வார்களா?

மருத்துவரைப் பொறுத்துச் செய்வார்கள். கருவும் அதோடு போய்விடும். இதில் எல்லோருடைய மனமும் ஒரே மாதிரி இருக்காது. நான் ஒப்புக்கொள்கிற பக்கம். ஒப்புக்கொள்ள முடியாத தோழியும் இருக்கிறார். அவர் அப்படிப்பட்ட பூனையைத் தன் பொறுப்பில் தனி அறையில் வைத்து, அது ஈன்று, குட்டிகள் பால் மறந்த பிறகு அறுவைக்கு அனுப்புகிறார். அதற்கான இடமும் நேரமும் அவரிடம் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கூண்டு வைப்பதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். மருத்துவமனையில் இருந்து தொலைபேசி வரும்போது ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டியிருக்கும்.

அறுவை முடிந்து எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும்?

கடுவனுக்குப் பொதுவாக ஒரு நாள். பெட்டைக்கு ஒன்று முதல் மூன்று நாள், மருத்துவர் சொல்கிறபடி. மயக்கம் தெளியாத பூனையால் உடம்புச் சூட்டைத் தக்கவைக்க முடியாது. அதனால் முதல் இரவு அறை கதகதப்பாக இருக்க வேண்டும், கூண்டு மூடியே இருக்க வேண்டும், கூண்டுக்குள் கை போகவே கூடாது. சுத்தம் செய்ய வேண்டுமென்றால் நடுவில் தடுப்புக் கம்பியைச் செருகிப் பூனையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தைச் செய்யலாம். ரத்தக் கசிவு நிற்கவில்லை, மூச்சு சீராக இல்லை, மறுநாளும் தலை தொங்கிக் கிடக்கிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அவ்வளவு பாடுபட்டுப் பிடித்துவிட்டுத் திரும்பத் தெருவிலேயே விடுவது ஏன்? நல்ல பாதுகாப்பான இடமாகப் பார்த்து விடலாமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, நல்ல எண்ணத்தில் கேட்கப்படுவதும்கூட. பூனைக்குத் தெரிந்த உலகம் சின்னது. எந்தச் சந்தில் நாய் இருக்கிறது, எந்தச் சுவருக்குப் பின்னால் மழைக்கு ஒதுங்கலாம், எப்போது எங்கே தட்டு வரும், இதை எல்லாம் அது வருடக்கணக்கில் கற்றிருக்கிறது. புது இடத்தில் கொண்டு விட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். பழைய இடத்தைத் தேடிக் கிளம்பும். சாலையில் அடிபடும். அந்த இடத்துப் பூனைகள் விரட்டும்.

இடிக்கப்படும் கட்டடம் மாதிரி வேறு வழியே இல்லாத நேரங்கள் உண்டு. அப்போது புது இடத்தில் பெரிய கூண்டிலோ அறையிலோ இரண்டு முதல் நான்கு வாரம் அடைத்து வைத்து, அந்த இடத்தின் வாசமும் சத்தமும் சாப்பாட்டு நேரமும் பழகிய பிறகுதான் திறந்துவிட வேண்டும். கூட்டாளிப் பூனையோடு சேர்த்து மாற்றினால் தங்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

குட்டிகள் தனியாகக் கிடக்கின்றன. எடுத்து வந்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம், இல்லை குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை அது வராது. தூரத்தில் போய் சில மணி நேரம் பாருங்கள். குட்டிகள் வயிறு நிறைந்து, ஒன்றன் மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தால் தாய் இருக்கிறது என்று அர்த்தம். உடம்பு குளிர்ந்து, விடாமல் கத்திக்கொண்டிருந்தால் இல்லை. வண்டிப் பாதை, எறும்பு, மழைத் தண்ணீர் என்று உடனடி ஆபத்து இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

எடுத்த பிறகு முதல் வேலை பால் கொடுப்பது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சூடுதான் முதல் வேலை. குளிர்ந்த குட்டிக்குச் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோ, உங்கள் நெஞ்சுச் சூடோ கொடுத்து, உடம்பு கதகதப்பான பிறகு பால். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சின்னக் குட்டியை அதுவே கொன்றுவிடும். பூனைக்குட்டிக்கென்றே இருக்கும் பால்பவுடர் வாங்குங்கள். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற, வயிறு கீழே இருக்கும்படி, தலையைக் கொஞ்சம் தூக்கி ஊட்ட வேண்டும். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும்தான். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் பின்பக்கத்தைத் தடவிவிட்டால்தான் சிறுநீர் வரும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது.

ஒரு சின்னத் தராசு வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது 100 கிராம் அளவில் இருக்கும் குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். எடை ஏறாமல் நின்ற நாள்தான் முதல் அபாய மணி. கண்ணுக்குத் தெரியும் நோய் அதற்குப் பிறகுதான் வரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குட்டிகள் இறந்துவிடும். குறிப்பாகப் பேன்லுக்கோபீனியா வைரஸ் வந்தால் இரண்டு நாளில் ஒரு ஈற்றுக் குட்டிகள் மொத்தமும் போய்விடலாம். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும். கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவத்துக்குச் சாகாது. பிளீச்சை 1 பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்தால் சாகும். அதனால் ஒரு ஈற்றுக் குட்டிகளுக்கு வைத்த கிண்ணம், துணி எதையும் அடுத்ததற்கு மாற்றாதீர்கள், தடுப்பூசி போடாத புதுக் குட்டிகளை அந்த அறைக்குக் கொண்டுவராதீர்கள்.

பூனை கடித்துவிட்டது. சின்னக் காயம்தான். மருத்துவரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும், அன்றைக்கே. பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே இரண்டு புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் இறங்கியிருக்கும். கையில், மூட்டில் கடித்தது ஒரே நாளில் வீங்கி அறுவை வரை போகலாம். கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் இருக்கும் ஊர்களில் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது. அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோயில் இருந்து பிழைப்பவர்கள் ஏறக்குறைய இல்லை. இந்த வேலையில் தொடர்ந்து இருப்பதென்றால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கழிவு சுத்தம் செய்யும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். டாக்ஸோபிளாஸ்மா கிருமி கழிவில் வெளியேறி, ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வருகிறது. தினமும் கழிவை அள்ளிவிட்டால் அந்தப் பயம் பெருமளவு குறையும்.

அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பூனைகளைவிட இதில்தான் அதிக நேரம் போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'உங்களுக்கு இரக்கமே இல்லையா' என்று நாம் கேட்ட நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். அவர்கள் சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கிறது. நடுராத்திரியில் அலறல், வாசலில் கடுவன் பீய்ச்சும் நாற்றம், தோட்டத்தில் கழிவு, மீந்த சாப்பாட்டில் எறும்பும் எலியும். இவற்றில் எது அவரை வாட்டுகிறது என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்றுதான் உண்மையான தொல்லையாக இருக்கும். மற்றதெல்லாம் கோபத்தில் சேர்ந்தவை.

அலறலும் பீய்ச்சலும் சண்டையும் இனப்பெருக்கத்தோடு சேர்ந்தவை, கருத்தடைக்குப் பிறகு மிகவும் குறைந்துவிடும். கழிவுக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் மணல் கொட்டி வைத்து நீங்களே அள்ளுங்கள். சாப்பாட்டை ஒரே நேரத்தில், யார் வாசலுக்கும் நேராக இல்லாத இடத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். இரவு முழுக்கத் தட்டு கிடந்தால் நீங்கள் எலிக்குத்தான் சாப்பாடு வைக்கிறீர்கள்.

ஒருவர் எங்கள் தண்ணீர்க் கிண்ணங்களைத் தினமும் எடுத்து எறிந்துகொண்டிருந்தார். மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டோம். ஒருநாள் உட்கார்ந்து கேட்டபோது, இரவு வேலை முடிந்து வந்து விடியற்காலையில்தான் தூங்குவதாகவும், அப்போதுதான் கடுவன்கள் ஜன்னலுக்கு அடியில் சண்டை போடுவதாகவும் சொன்னார். நான்கு கடுவன்களுக்கு அறுவை ஆனது. சத்தம் அடங்கியது. அவருக்கு இன்றைக்கும் பூனை பிடிக்காது. கிண்ணத்தை மட்டும் எறிவதில்லை. எனக்கு அது போதும்.

விஷம் வைப்பேன் என்று யாராவது சொன்னால் அது வேறு விஷயம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி வையுங்கள். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொண்டு, தனியாகப் போகாமல், அதிகாரிகளிடம் எழுத்தில் கொடுங்கள். சில நாடுகளில் சட்டமே துணைக்கு இருக்கிறது. இத்தாலியில் 1991ஆம் ஆண்டின் 281ஆம் எண் சட்டம் தெருப்பூனைகளுக்கு அவை வாழும் இடத்திலேயே வாழப் பாதுகாப்புக் கொடுக்கிறது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை, சில ஊர்களில் உணவு வைப்பதே தடை. தெரியாமல் இறங்க வேண்டாம்.

பூனைகள் பறவைகளைக் கொல்கின்றனவே. அதற்கு நீங்கள் துணை போகிறீர்கள் என்கிறார்கள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. நாமும் இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் வெளியில் திரியும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கை பற்றி வாதம் நடக்கலாம், கொல்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை. மேலே சொன்ன மேரியன் தீவில் கடற்பறவைகள் அழிந்துகொண்டே போனதால், 1991க்குள் கடைசிப் பூனை வரை ஒழித்தார்கள். கடற்பறவைகள் வாழும் அப்படிப்பட்ட தீவில் பூனையை விடுவதை நானும் ஏற்க மாட்டேன்.

கட்டடங்களுக்கு நடுவில், பூனைகள் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் என் பதில் இதுதான்: குட்டி பிறப்பதை நிறுத்துவது பறவைக்கும் நல்லது. பறவை கூடு கட்டும் புதர்கள், ஈரநிலங்கள் பக்கம் உணவு வைக்காதீர்கள். பறவை ஆர்வலர்களை எதிரியாக நினைக்காமல் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் கேட்பதும் பூனை குறைய வேண்டும் என்பதுதான், நாம் செய்வதும் அதுதான்.

இதெல்லாம் செய்தால் பூனை எண்ணிக்கை உண்மையில் குறைகிறதா?

அரைகுறையாகச் செய்தால் குறையாது. ஒரு கூட்டத்தில் பெரும்பாலான பூனைகளுக்கு, 70 சதவீதத்துக்குக் குறையாமல், அறுவை ஆனால்தான் வித்தியாசம் தெரியத் தொடங்கும். பத்துக் கூட்டத்தில் இரண்டிரண்டு பூனை பிடிப்பதைவிட, ஒரே கூட்டத்தை முழுதாக முடிப்பது மேல்.

ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துப் பூனைகளைப் பதினொரு வருடம் கவனித்து 2003இல் வெளியிட்டார்கள். 1996இல் 68 ஆக இருந்தது 2002இல் 23 ஆனது. ஆனால் அந்த வருடங்களில் மொத்தம் வந்துபோன பூனைகளில் ஏறக்குறைய பாதி தத்துக் கொடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பழகக்கூடியவற்றுக்கு வீடு தேடுவதும் வேலையில் பாதி. ரோம் நகரத்தில் 103 கூட்டங்களை ஆராய்ந்தபோது பல இடங்களில் எண்ணிக்கை குறைந்திருந்தது, ஆனால் வெளியில் இருந்து புதிதாக வந்து சேர்ந்தவை 21 சதவீதம். கைவிடப்பட்ட வீட்டுப்பூனைகளும் அதில் சேர்த்தி. வீட்டில் வளர்ப்பவர்கள் தங்கள் பூனைக்குக் கருத்தடை செய்யாதவரை நம் வேலை ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இதனால்தான் எங்கே உணவு வைக்கிறோம் என்பதை இணையத்தில் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். படத்தின் பின்னணியில் ஒரு சுவர் தெரிந்தாலே போதும், அடுத்த வாரம் அங்கே ஒரு அட்டைப்பெட்டியில் குட்டிகள் இருக்கும்.

நோயாளிப் பூனைகளை என்ன செய்வீர்கள்?

எஃப்.ஐ.வி., அதாவது பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ், இருந்தாலும் பல பூனைகள் வருடக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. அது பெரும்பாலும் கடியால் பரவுவது, கருத்தடைக்குப் பிறகு சண்டை குறைவதால் பரவலும் குறையும். அடிபட்டு, தீராத வலியில், தொட விடாத பூனைக்குத் தினமும் மருந்து கொடுக்க முடியாது. சில நேரம் மருத்துவர் வலியில்லாமல் முடித்துவிடலாம் என்பார். அந்த முடிவில் கையெழுத்துப் போட்ட நாட்கள் எனக்கு உண்டு. அன்றைக்கு வேறு எந்தப் பூனை வேலையும் செய்யாமல் வீட்டுக்குப் போய்விடுவேன்.

எனக்குக் களைத்துப்போகிறது. நிறுத்தினால் குற்ற உணர்ச்சி. இது எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும் வரும். சொல்லத்தான் மாட்டார்கள். விடுமுறை கிடையாது, காய்ச்சலிலும் தட்டு வைக்க வேண்டும், தொலைபேசி எந்த நேரமும் அடிக்கும், பணம் கரையும், வீட்டில் பேச்சு. காப்பாற்றிய முப்பது பூனை மறந்துபோய், காப்பாற்ற முடியாத ஒன்று மட்டும் ராத்திரியில் நினைவுக்கு வரும்.

தனக்கு மிஞ்சித்தான் தானம். வீட்டில் எத்தனை பூனை என்று ஒரு எண்ணை நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்து, வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் எந்தக் குட்டி எப்படிப் பார்த்தாலும் அந்த எண் மாறக் கூடாது. 'இன்னும் ஒன்றுதானே' என்று சேர்த்துச் சேர்த்து, எதையும் சரியாகப் பார்க்க முடியாத நிலைக்குப் போன நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பூனைகளும் துன்பப்பட்டன, அவர்களும் துன்பப்பட்டார்கள். 'முடியாது' என்று சொல்லப் பழகுங்கள். 'என்னால் எடுக்க முடியாது, கூண்டு தருகிறேன், எப்படி வைப்பது என்று சொல்லித் தருகிறேன்' என்பதும் உதவிதான். உங்கள் தட்டு வேலையை வாரத்தில் ஒரு நாளாவது எடுத்துக்கொள்ள இன்னொருவர் இல்லையென்றால், அடுத்த பூனையைத் தேடுவதற்கு முன் அவரைத் தேடுங்கள்.

தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், எதைப் பார்த்தாலும் அழுகை வந்தால் ஒரு மாதம் விலகி இருங்கள். நெருங்கியவரிடமோ மனநல மருத்துவரிடமோ பேசுங்கள்.

பூனைக்கு ஒவ்வாமை இருக்கிறது, ஆனால் உதவ ஆசை. என்ன செய்யலாம்?

வண்டி ஓட்டுங்கள். கணக்கு எழுதுங்கள். மருத்துவமனையில் நாள் வாங்குங்கள். கூண்டு கழுவுவது, தத்துக்கு வருபவர்களிடம் பேசுவது, அக்கம்பக்கத்தாரைப் பார்ப்பது, எதற்கும் ஆள் போதவில்லை. பூனையைத் தூக்கிக் கொஞ்ச ஆள் எப்போதும் கிடைக்கிறார்கள்.

தொடங்கலாம் என்று இருக்கிறேன். முதலில் எதைச் செய்வது?

கூண்டு வாங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் போய் எண்ணுங்கள். நிறம், வால், காது வெட்டு உண்டா இல்லையா, வயிறு. மூன்று நிறம் கலந்தது என்றால் ஏறக்குறைய நிச்சயம் பெட்டை. செம்பழுப்பு என்றால் பெரும்பாலும் கடுவன். அந்த நேரத்திலேயே அனுபவம் உள்ள ஒருவரோடு இரண்டு இரவாவது போய்ச் சும்மா பாருங்கள். கூண்டை இரவல் வாங்குங்கள். அறுவைக்கு நாள் குறித்த பிறகுதான் பிடிக்கப் போக வேண்டும். பிடித்துவிட்டு மருத்துவரைத் தேடினால் பூனை கூண்டுக்குள் கிடந்து தவிக்கும்.

முதல் பூனையைத் திரும்ப விடும்போது கூண்டின் வாசலை மறைவிடத்தின் பக்கமாகத் திருப்பி வையுங்கள், சாலைப் பக்கமாக வேண்டாம். துணியைக் கதவுப் பக்கம் மட்டும் விலக்குங்கள். கதவைத் தூக்கிவிட்டு, கூண்டுக்குப் பின்னால் அசையாமல் நில்லுங்கள். சில பூனை அந்த நொடியே பாயும். சில ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கும். தட்டவோ சாய்க்கவோ வேண்டாம், தானாகப் போகும். தண்ணீரும் சாப்பாடும் வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று நாள் உங்கள் முகத்தைப் பார்த்தாலே ஓடும். நான்காம் நாள், பத்தடி தள்ளி, சாப்பிட வந்துவிடும்.